நல்லா இருக்கேன் என்று சொன்ன குற்றம்

இந்த ஊரில் காலையில் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவர்கள் எல்லாரும் என்னை "ஹௌ ஆர் யூ" என்று கேட்கிறார்கள். கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்பதில்லை. வந்த புதிதில் நான் ஒரு அப்பாவி. கேட்ட மனுஷியை மதித்து, நேற்றிலிருந்து தலைவலி, குழாயில் வெந்நீர் வரவில்லை, ஊரிலிருந்து கடுதாசியும் வரவில்லை என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் ஆரம்பிப்பேன். அந்த அம்மாள் முகம் போன போக்கைப் பார்த்திருக்கணுமே! நான் என்னவோ கைமாத்து கேட்டுவிட்ட மாதிரி இரண்டடி தள்ளிப் போய் நின்றுகொண்டாள். பிறகு நானும் "ஃபைன்" என்று சொல்லக் கற்றுக்கொண்டேன். சொல்லப்போனால் அது நமக்கொன்றும் புதிதில்லை. திருவண்ணாமலை தேரடித் தெருவில் யார் எதிரே வந்து "சௌக்கியமா?" என்றாலும், உலை வைக்க அரிசி இல்லாத வீட்டு மனுஷர்கூட "சௌக்கியம், சௌக்கியம்" என்றுதான் சொல்லிவிட்டுப் போவார். ஆனால் இந்த நாட்டில் ஒரே ஒரு ஆள் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை காத்திருந்தார். வந்த பதிலை எழுதிக்கொண்டும் போனார். அதில்தான் எங்கள் குடி கெட்டது.

நாங்கள் இருப்பது கனடாவில், ஒன்ராறியோ மாகாணத்தில், கார் பாகங்கள் செய்கிற ஒரு சின்ன ஊரில். என் வீட்டுக்காரர் பாஸ்கரன் எழுபதுகளின் கடைசியில் வந்தார், பின்னாலேயே நான் வந்தேன். அவர் வேலை பார்த்த அதே தொழிற்சாலையில் இப்போது நான் பேக்கிங் பகுதியில் சேர்ந்திருக்கிறேன். அவர் ஹாலில், தரையில் போட்ட கெட்டி மெத்தையில் படுத்திருக்கிறார். வேலைக்குச் சேர்ந்தவர்கள் முதல் மாதத்துக்குள் நிரப்பித் தரவேண்டிய ஒரு தாளை டோரின் என்னிடம் கொடுத்தனுப்பினாள். டோரின் அங்கே ஆபீஸில் ஆள் சேர்க்கிற, சம்பளம் போடுகிற அம்மாள். நோயாலோ விபத்தாலோ வேலை செய்ய முடியாமல் போனால் மாதாமாதம் சம்பளத்தில் ஒரு பங்கு வீடு தேடி வரும், அதற்காக இப்போதே சம்பளத்தில் கொஞ்சம் பிடித்துக்கொள்வார்கள். டிஸபிலிட்டி இன்சூரன்ஸ் என்று பெயர். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடலாம். வேண்டும் என்றால் இரண்டு விதம். பெரியது என்னவென்றால், நாம் செய்துவந்த வேலையைச் செய்ய முடியாமல் போனாலே பணம் தருவார்கள். பிடித்தம் ஜாஸ்தி. சின்னது, உலகத்தில் எந்த வேலையுமே நம்மால் முடியாது என்று ஆனால்தான் தருவார்கள். பிடித்தம் கம்மி. நாளைக்குள் ஏதாவது ஒரு கட்டத்தில் டிக் போட்டுத் தரணும். மேஜைமேல் அது கிடக்கிறது. நான் அதைப் பார்க்காத மாதிரி சாம்பார் வைத்து, துணி மடித்து, இப்போது ஊரில் இருக்கிற உங்களுக்கும், என்னைப்போல எங்கெங்கோ வந்து மாட்டிக்கொண்டிருக்கிறவர்களுக்கும் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இதே தாள் சில வருஷங்களுக்கு முன்னால் அவர் கையில் வந்தது. நான்தான் படித்துவிட்டு, "ஏங்க, பெருசையே போட்டுடுங்க" என்றேன்.

"கை போனா, கால் போனான்னு அச்சடிச்சு வெச்சிருக்கான். விளக்கு வெச்ச நேரத்துல அதைப் போய் வாய்விட்டுப் படிக்கிறியே மல்லிகா, உன் வாயில நல்ல வார்த்தையே வராதா?"

"நான் படிக்கலைன்னா மட்டும் வர்றது வராம போயிடுமா?"

"எங்கம்மா தீபத்துக்குத் தீபம் எனக்காக வெள்ளியில கால் வாங்கிப் போட்டுனு கீறாங்க. அதுக்கு மேல இன்னா இன்சூரன்ஸ் வேணும்?"

அது நிஜம். சன்னதித் தெருக் கடைகளில் வெள்ளித் தகட்டில் கை, கால், கண் என்று வெட்டித் தட்டில் அடுக்கி வைத்திருப்பார்கள். எந்த இடத்தில் நோவோ அதை வாங்கி அண்ணாமலையார் உண்டியலில் போடுவது. இவருக்கு நாலு வயசில் காய்ச்சல் வந்து ஒரு கால் துவண்டுபோனதாம். என் மாமியார் வேண்டிக்கொண்டார், கால் எழுந்துவிட்டது. அதிலிருந்து வருஷம் தவறாமல் ஒரு வெள்ளிக்கால் போடுகிறார். டோரின் கொடுத்த தாளின் பின்பக்கத்திலும் கை, கால், கண் என்று வரிசையாக அச்சடித்திருந்தது. எனக்கும் அந்தக் கடைத்தட்டுதான் ஞாபகம் வந்தது, சிரிப்பும் வந்தது. ஆனால் நான் சிரித்துவிட்டு விடுகிற ஜாதியில்லை. எனக்கு அதற்குக் காரணம் இருந்தது.

எங்கள் அப்பா திருவண்ணாமலையில் ஒரு ரைஸ் மில்லில் மெஷின் பார்த்தார். நான் ஒன்பதாவது படிக்கும்போது பெல்ட்டில் வலதுகை மாட்டிக்கொண்டது. மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள். மில்காரர் ஒரு மூட்டை அரிசியும் வேட்டி சட்டையும் அனுப்பினார். கொஞ்ச நாள் விசாரித்தார், அப்புறம் அந்த வழியே வரவில்லை. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, அந்தக் காலத்தில் அவ்வளவுதான் வழக்கம். என் படிப்பு அந்த வருஷத்தோடு நின்றது. யார் வந்து விசாரித்தாலும் அப்பா துண்டைக் கைமேல் போட்டுக்கொண்டு, "எனக்கின்னா, ராஜா மாதிரி கீறேன்" என்பார். வந்தவர்களும் அதை நம்பியதுபோல காட்டிக்கொண்டு காப்பி குடித்துவிட்டுப் போவார்கள். மறுவருஷம் தீபத்தன்று மலை சுற்றப் போனோம். அடி அண்ணாமலை தாண்டியதும் அப்பாவுக்குத் தலை சுற்றியது, பாதையோரம் உட்கார்ந்தார். வரிசையாக அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் யார் என்று உங்களுக்குத் தெரியும். துண்டு நழுவியது. பட்டணத்திலிருந்து வந்த ஒரு அம்மாள், பாவம் நல்ல மனசு, குனிந்து அப்பா முன்னால் ஒரு காசு போட்டுவிட்டுப் போனாள். அப்பா அந்தக் காசை எடுக்கவும் இல்லை, எழுந்திருக்கவும் இல்லை. அதற்கப்புறம் அவர் சாகும்வரை மலை சுற்ற வரவேயில்லை.

இதையெல்லாம் சொல்லித்தான் நான் அவரிடம் மன்றாடினேன். "என் அப்பனுக்கு இப்படி ஒண்ணு இருந்திருந்தா நான் பத்தாவது பாஸ் பண்ணிருப்பேன்" என்றுகூடச் சொன்னேன். அவருக்கு மனசு இளகியது. ஆனால் பெரியதைப் போட்டால் அம்மாவுக்கு அனுப்புவது குறையும் என்று சின்னதைப் போட்டார். "எந்த வேலையும் செய்ய முடியாம நான் இன்னா பொணமாவா ஆயிடப்போறேன்?" என்றார். நான் அவர் வாயைப் பொத்தினேன். விளக்கு வைத்த நேரத்தில் அந்த வார்த்தையைச் சொன்னது அவர்தான், நானில்லை.

விழுந்தது மெஷினில் இல்லை. ஒரு பிப்ரவரி காலையில் பஸ் ஸ்டாப்பில், மழைத்தண்ணீர் என்று நினைத்துக் கால் வைத்தார். கண்ணாடிமாதிரி ஐஸ். மல்லாக்க விழுந்ததில் கழுத்தெலும்பும் முதுகெலும்பும் அடிவாங்கின. ஆபரேஷன் செய்தார்கள். கைகளைத் தோளுக்கு மேலே தூக்க முடியாது, கால் மணி நேரத்துக்கு மேல் உட்காரவோ நிற்கவோ முடியாது. வேலையிடத்தில் நடக்கவில்லை என்பதால் அரசாங்க நஷ்டஈடு கிடையாது, நாங்கள் டிக் போட்ட அந்தச் சின்னக் கட்டம்தான் கதி. பணம் வர ஆரம்பித்தது. வாடகை, மாத்திரை, ஊருக்கு அனுப்புவது எல்லாம் அதில்தான். எனக்கு அப்போது வேலையில்லை. இந்தச் சமயத்தில்தான் இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஒருத்தர் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போவார் என்று தகவல் வந்தது.

வீட்டுக்கு ஒருத்தர் வருகிறார் என்றால் நாம் என்ன செய்வோம்? நான் காலையிலேயே வடைக்கு ஊறப்போட்டேன், கேசரி கிளறினேன். இவர் வழக்கமாகப் போடுகிற வலி மாத்திரையைக் கூடுதலாகவே போட்டுக்கொண்டு, சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டார். மாட்டிவிட்டது நான். வந்தவர் நல்ல மனுஷர், வயசானவர், பூட்ஸெல்லாம் ஈரம். அவர் கோட்டை இவர்தான் வாங்கி மாட்டினார். உட்கார நாற்காலி போதவில்லை என்று சமையலறையிலிருந்து ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். நான் கண்ணால் ஜாடை காட்டினேன், கவனிக்கவேயில்லை. காப்பியை டபராவோடு தட்டில் வைத்து இவர் தன் கையாலேயே கொண்டுவந்து நீட்டினார். வந்தவர் வடையைக் கடித்து "வெரி நைஸ்" என்றார். பிறகு பேனாவைத் திறந்து, "ஹௌ ஆர் யூ, மிஸ்டர் பாஸ்கரன்?" என்று கேட்டுவிட்டு முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஃபைன், ஃபைன். நோ ப்ராப்ளம்" என்றார் இவர், வாயெல்லாம் பல்லாக.

வலி எப்படி என்றார். "லிட்டில், லிட்டில்" என்றார் இவர். கிளம்பும்போது வாசல்வரை போய் வழியனுப்பணுமே! மாடிப்படி இறங்கி, கீழ்க்கதவைத் திறந்துவிட்டு, கார் கிளம்பும்வரை நின்று கையசைத்துவிட்டுத்தான் ஏறினார். ஏறி வந்தவர் கதவைச் சாத்தினதும் அப்படியே சுவரோடு சரிந்தார். இரண்டு நாள் தரையைவிட்டு எழுந்திருக்கவில்லை. பெட்பேன் நான்தான் வைத்தேன்.

அடுத்த வாரமே பணம் நிறுத்தப்பட்டதாகக் கடுதாசி வந்தது. காரணமும் எழுதியிருந்தார்கள். நாற்காலி தூக்குகிறார், தட்டு ஏந்திப் பரிமாறுகிறார், படி இறங்கி ஏறுகிறார், தான் நன்றாக இருப்பதாக அவரே சொல்கிறார், ஆகவே ஏதோ ஒரு லேசான வேலை இவரால் முடியும். ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை! அதுதான் என் வயிற்றெரிச்சல். பொய்யாக இருந்தால் மண்ணை வாரித் தூற்றியிருப்பேன். நான் அதைத் தூக்கிக்கொண்டு டோரினிடம் ஓடினேன். அவள் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள்.

"ஏன் அவருக்குச் சாப்பாடு போட்டீர்கள்?" என்றாள் இங்கிலீஷில்.

"வீட்டுக்கு வந்தவர் இல்லையா?"

"அவர் விருந்தாளி இல்லை. உன் புருஷன் எவ்வளவு நொந்திருக்கிறார் என்று பார்க்க வந்தவர். நோவைக் காட்டவேண்டியதுதானே?"

"வீட்டுக்கு வந்தவர்கிட்ட எப்படிக் காட்டறது?" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. எனக்கும் அவளுக்கு எப்படிப் புரியவைப்பது என்று தெரியவில்லை. எங்கள் ஊரில் உடம்பைக் காட்டிப் பிழைக்கிறவர்கள் எங்கே உட்கார்ந்திருப்பார்கள் என்று அவளுக்கு யார் சொல்வது? காட்டினால் பாதையோரத்தில் உட்காரணும், காட்டாவிட்டால் வீட்டுக்குள்ளேயே பட்டினி கிடக்கணும். நடுவில் ஒரு இடம் இருக்கிறது என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஆனாலும் டோரின் நல்லவள். மேல்முறையீடு என்று ஒன்று இருப்பதைச் சொல்லி, அவளே எழுதி அனுப்பினாள். இன்சூரன்ஸ் கம்பெனி சொல்கிற டாக்டர் ஒருத்தர் பார்ப்பார், அதுதான் கடைசி வாய்ப்பு என்றாள்.

அந்த இடைப்பட்ட மாதங்களை எப்படித் தள்ளினோம் என்று எழுத எனக்குத் தெம்பில்லை. என் வளையல்கள் போயின. வாடகை கேட்டு வீட்டுச் சொந்தக்காரன் இரண்டு தடவை கதவைத் தட்டினான். நான் தினமும் இவரை உட்காரவைத்து, சின்னப் பிள்ளைக்குப் பாடம் சொல்கிற மாதிரிச் சொல்லிக்கொடுத்தேன். "ஹௌ ஆர் யூன்னா இன்னா சொல்லணும்?" "நாட் குட்." "இன்னொரு வாட்டி." "நாட் குட்." சொல்வார், சொல்லிவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்வார். ஒருநாள் எனக்கு வெறி வந்துவிட்டது. "கௌரவத்தை வெச்சுக்கினு இன்னா பண்ணப்போறீங்க? வாடகை குடுக்குமா அது? இந்தக் குளிர்ல என்னைத் தெருவுல நிக்க வெக்கப்போறீங்களா?" என்று கத்தினேன். அவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டார். அன்றைக்கு நானும் சாப்பிடவில்லை.

டாக்டர் அறையில் வெள்ளை விளக்கு. டாக்டர் இளவயசுக்காரர், அவசரக்காரர். உள்ளே போனதும் கையை நீட்டி, "ஹௌ ஆர் யூ டுடே?" என்றார்.

"ஃபைன், தேங்க் யூ" என்றார் இவர்.

ஐயோ, இத்தனை மாதம் சொல்லிக்கொடுத்ததெல்லாம் போச்சே! டாக்டர் எழுதக் குனிந்துவிட்டார். நான் இவர் காதருகே போய்த் தமிழில் சொன்னேன். எங்கிருந்து எனக்கு அது தோன்றியதோ தெரியவில்லை. "ஏங்க, கண்ண மூடிக்குங்க. இவரை டாக்டர்னு நெனைக்காதீங்க. அண்ணாமலையார் சன்னதியில நிக்கறீங்க. கூட்டமில்ல, யாருமில்ல. அவர்கிட்ட சொல்லுங்க."

கண்ணை மூடினார். பிறகு, "என்னால முடியலப்பா" என்றார். "முடியல. நின்னா முடியல, குந்துனா முடியல. பொண்டாட்டி கால் கழுவி வுடறா. சோத்தைப் பெசைஞ்சு வாயில வெக்கிறா. தும்மினா உசுரு போவுது. எங்கம்மா போட்ட காலெல்லாம் எங்க போச்சுப்பா? நான் உனுக்கு இன்னா பண்ணேன்?" அழுதுகொண்டே இரண்டு கையையும் தலைக்கு மேலே கூப்பத் தூக்கினார், மலையில் தீபம் ஏறும்போது நாம் தூக்குவோமே, அப்படி. கை தோள்வரை வந்தது. அதற்குமேல் வரவில்லை. அங்கேயே நின்று நடுங்கியது. அவர் போட்ட சத்தத்தில் வெளியிலிருந்து நர்ஸ் ஓடிவந்தாள். நான் ஒவ்வொரு வார்த்தையாக இங்கிலீஷில் சொன்னேன், மாமியார் போட்ட வெள்ளிக்காலைப் பற்றியதை மட்டும் விட்டுவிட்டேன். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு எழுந்து வந்து அந்தக் கைகளைத் தாங்கி மெல்ல இறக்கினார்.

பணம் திரும்ப வருகிறது. ஆனால் வருஷத்துக்கொரு தடவை டாக்டரிடம் போய்க் காட்டணும். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இவர் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தால் எனக்குச் சந்தோஷத்துக்கு முன்னால் பயம் வருகிறது. அதற்காக என்னையே நான் காறித் துப்பிக்கொள்கிறேன். கட்டின புருஷன் தேறக்கூடாது என்று ஒரு பொம்பளையை நினைக்கவைக்கிற பிழைப்பு என்ன பிழைப்பு?

இதுவரை எழுதிவிட்டு, சாயங்காலம் அந்தத் தாளை எடுத்துப் பெரிய கட்டத்தில் டிக் போட்டேன். பேனாவை அழுத்தியே போட்டேன். "எது போட்ட?" என்றார் மெத்தையிலிருந்து. "பெருசு" என்றேன். விளக்கு வைத்த நேரம்தான், ஆனால் அவர் ஒன்றும் சொல்லவில்லை. "எனக்கு ஏதாவது ஆகி எவனாவது வந்தா, கேசரி கிண்டாதீங்க" என்றேன். விழுந்ததிலிருந்து முதல்தடவையாக மனசுவிட்டுச் சிரித்தார், சிரித்ததில் முதுகு பிடித்துக்கொண்டது.

என் மாமியாரிடமிருந்து கேசட் வந்திருந்தது. அவருக்கு எழுதத் தெரியாது. பக்கத்து வீட்டு ஃபாத்திமா அக்காவின் டேப் ரிக்கார்டரில் பேசி அனுப்புவார். இவர் விழுந்ததை நாங்கள் இன்றுவரை சொல்லவில்லை. தொழிற்சாலையில் மேஸ்திரி ஆகிவிட்டதாகத்தான் அவருக்குத் தெரியும். கேசட்டைப் போட்டேன். "பாஸ்கரு, நல்லா கீறியாப்பா? நான் நல்லா கீறேன். எனக்கின்னா கொறை? போன தீபத்துக்கு மலை சுத்தினேன், உன் பேர்ல கால் வாங்கிப் போட்டேன். கால் கையெல்லாம் கல்லாட்டம் கீது. நீ ஒண்ணியும் நெனைக்காத." அப்புறம் பேச்சு முடிந்தது. ஆனால் டேப்பை நிறுத்த மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது. தூரத்தில் கோயில் மணி. பிறகு தாழ்ந்த குரலில் மாமியார்: "ஃபாத்திமா, கொஞ்சம் தூக்கி வுடும்மா. ரெண்டு காலும் ஊனவே முடியல. அந்த வெள்ளிக்கால உண்டியல்ல நீயே போட்டுட்டியா?"

இவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்க்கவில்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது, டேப் ஓடி முடிந்து தானாக நின்றது. பிறகு இவர், "புது கேசட்டு போடு" என்றார். போட்டேன். கை தூக்க முடியாது என்பதால் மைக்கை நான்தான் அவர் வாயருகே பிடித்துக்கொள்வேன்.

"அம்மா, நான் நல்லா கீறேன்" என்றார். "வேலையெல்லாம் நல்லா போவுது. எனக்கு ஒரு கொறையும் இல்லம்மா."

நானும் குனிந்து, "நாங்க ரெண்டு பேரும் சௌக்கியம் அத்தை" என்றேன்.